சங்கு குளிக்கப் போன ஒரு சொல்

ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்றேன். கூகுள் பண்ணாம அர்த்தம் சொல்லுங்க பார்ப்போம். ஸ்பெல்லிங்: சி, ஹெச், ஏ, என், கே. உச்சரிப்பு: சாங்க்.

தெரியலையா? ஐயெல்ட்ஸ், ஜிஆர்இ-க்குப் படிக்கிறவங்களுக்கும் தெரியாது. அந்த வேர்ட் லிஸ்ட்டுல இது வராது. பெரிய அகராதிகள்ல மட்டும் ஒரு ஓரமா கிடக்கும். அங்க போய்ப் பார்த்தீங்கன்னா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத அர்த்தங்கள் இருக்கும்.

முதல் அர்த்தம், கடல்ல கிடைக்குற ஒரு பெரிய வெள்ளைச் சங்கு. ரெண்டாவது அர்த்தம், வாயில சத்தம் வர்ற மாதிரி நறுக் நறுக்குன்னு மென்னு சாப்பிடுறது. இது வட்டார வழக்கு, அமெரிக்கக் கிராமப்புறத்துப் பேச்சு. நம்ம ஹாஸ்டல் மெஸ்ல முறுக்கு வர்ற நாள்ல எல்லாரும் பண்றது அதுதான். மூணாவது, பழைய அமெரிக்கக் கொச்சையில ஒரு பால்வினை நோயால வர்ற புண். அதோட முழுப்பேரைச் சுருக்கினதுல வந்தது. அதைப் பத்தி இங்க மேல பேச வேண்டாம், இந்த இதழை நம்ம ஹெச்.ஓ.டி.யும் படிக்கிறார்.

இந்த மூணுக்கும் நடுவுல ரத்த சம்பந்தம் எதுவும் இல்ல. எழுத்துக்கூட்டு மட்டும் தற்செயலா ஒண்ணாப் போச்சு. ஆனா முதல் அர்த்தம் இருக்கே, அது நம்ம வீட்டுப் பிள்ளை. ‘சங்கு’ன்னு இந்தக் கடற்கரையில சொல்றதைக் கேட்டு வெள்ளைக்காரன் எழுதி வச்சதுதான் ‘சாங்க்’. 1886-ல யூல், பர்னெல்னு ரெண்டு பேர் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ங்கிற ஆங்கிலோ-இந்திய அகராதியில இதுக்குத் தனிப் பதிவே இருக்கு. அதுக்கு முந்நூறு வருஷம் முன்னாடியே, 1563-ல, கோவாவுல இருந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா இந்தச் சொல்லைத் தன்னோட புத்தகத்துல எழுதிட்டார். வங்காளத்துக்குப் போற சரக்குன்னு சொல்லியிருக்கார். அந்த வங்காளத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்காரன். எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். எங்க ஸ்கூல் புத்தகத்துல சங்குக்கு ‘காங்க்’னுதான் இருந்தது. அது கிரேக்கத்துல இருந்து லத்தீன் வழியா இங்கிலீஷுக்கு வந்த சொல். அந்தக் கிரேக்கச் சொல்லும், சமஸ்கிருத ‘சங்க’மும் ஒரே குடும்பம்னு மொழியியல் படிச்சவங்க சொல்றாங்க. அப்போ காங்க்கும் சாங்க்கும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. அண்ணன் மேற்கே கிரீஸ், ரோம்னு சுத்திட்டு இங்கிலீஷுக்குள்ள போனான். தம்பி நம்ம ஊர்ல வளர்ந்து, கப்பலேறிப் போனான். அண்ணன் பாடப்புத்தகத்துல இருக்கான். தம்பி அகராதி ஓரத்துல.

நம்ம சங்குக்கு எத்தனை அர்த்தம்?

இங்கிலீஷை விடுங்க. தமிழ்லயே இந்தச் சொல் எத்தனை வேலை பார்க்குதுன்னு எண்ணியிருக்கீங்களா?

கோயில்ல ஊதுறது சங்கு. சாவு வீட்ல சேகண்டியோட ஊதுறதும் சங்கு. அதுல இருந்து வந்ததுதான் ‘சங்கு ஊதிட்டாங்க’. போன செமஸ்டர் எம்-3 பேப்பர் நம்மள்ல பல பேருக்கு ஊதுச்சே, அது. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுற மூக்கு நீண்ட கிண்ணமும் சங்குதான், சில ஊர்ல பாலாடைம்பாங்க. மில்லுல ஷிஃப்டுக்கு அடிக்கிற சைரனும் சங்கு. கோபம் வந்தா ‘சங்கைக் கடிச்சிருவேன்’னு பாட்டி சொல்லும்போது அது குரல்வளை. வேலியில நீலமாப் பூக்குறது சங்குப்பூ.

சிவில் டிபார்ட்மெண்ட் மக்களுக்கு ஒரு ஸ்பெஷல். பழைய கட்டடக்கலை நூல்கள்ல ‘சங்கு’ன்னா தரையில நேரா நடுற ஒரு முளைக்குச்சி. அதை மையமா வச்சு ஒரு வட்டம் போடுவாங்க. காலையில குச்சியோட நிழல் சுருங்கி, நிழல் நுனி வட்டத்தைத் தொடுற இடத்துல ஒரு புள்ளி. மத்தியானத்துக்கு மேல நிழல் நீண்டு திரும்ப வட்டத்தைத் தொடுற இடத்துல இன்னொரு புள்ளி. ரெண்டையும் சேர்த்தா கிழக்கு மேற்குக் கோடு ரெடி. காம்பஸ் இல்லாம, ஜிபிஎஸ் இல்லாம, கோயிலுக்குத் திசை குறிச்சது இப்படித்தான். இந்தச் சங்கும் கடல் சங்கும் சமஸ்கிருதத்துல வேற வேற சொல். அங்க உச்சரிப்புலயே வித்தியாசம் உண்டு. தமிழுக்கு வந்ததும் ரெண்டும் ஒரே உடுப்பு மாட்டிக்கிச்சு. இங்கிலீஷ் ‘சாங்க்’குக்கு நடந்த அதே கதை.

‘சங்கு’ தமிழுக்கு வர்றதுக்கு முன்னாடி நம்மகிட்ட பேரே இல்லையான்னு கேட்டா, நிறைய இருந்தது. வளை, கோடு, நந்து, பணிலம். இதுல ‘வளை’ இப்போ வளையலா மாறிடுச்சு. அதாவது பொருளோட பேரே அதை அறுத்துச் செஞ்ச நகைக்குப் போயிடுச்சு. சங்கை அறுத்து வளையல் செய்யுறது அவ்வளவு பெரிய தொழிலா இருந்திருக்கு. 1965-ல வந்த ‘திருவிளையாடல்’ படத்துல ஏ.பி.நாகராஜனே நக்கீரரா நடிச்ச காட்சி ஞாபகம் இருக்கா? அங்க சிவன் நக்கீரரைச் சீண்டுறதே அவர் சங்கறுக்குற குடும்பம்ங்கிறதை வச்சுத்தான்.

வலமா, இடமா?

அடுத்த குழப்பம் வலம்புரிச் சங்கு. ராமேஸ்வரம் வந்தவங்க எல்லாரும் கடைவீதியில இதைப் பத்திக் கேட்டிருப்பீங்க. அந்தத் தீவையே சங்கு வடிவத் தீவுன்னுதான் சொல்வாங்க. அதனால கோயில் தெருவுல சங்குக்குப் பஞ்சமே இல்ல.

நாம வலம்புரின்னு சொல்றதை உயிரியல் புத்தகத்துல தேடினா ‘இடப்பக்கச் சுழல்’னு போட்டிருக்கும். யார் தப்பு? யாரும் இல்ல. உயிரியல்காரர் சங்கோட கூர் நுனியை மேல வச்சு, வாயைத் தன்னைப் பார்த்துத் திருப்புறார். வாய் வலப்பக்கம் இருந்தா வலம், இடப்பக்கம் இருந்தா இடம். நாம தலைகீழா, கூர் கீழே இருக்குற மாதிரி பிடிக்கிறோம். 180 டிகிரி திருப்பினா வலம் இடமாகும், இடம் வலமாகும். இன்ஜினியரிங் டிராயிங்ல ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்ட் ஆங்கிள்னு மண்டை காய்ஞ்சோமே, அதே விஷயம். பொருள் ஒண்ணு, பார்க்குற இடம் வேற.

சாதாரணமாக் கிடைக்குறதெல்லாம் நம்ம கணக்குல இடம்புரி. வலம்புரி ரொம்ப அபூர்வமாப் பிறக்கிறது. அதனாலதான் அந்த விலை. ஆனா உஷாரா இருங்க. அமெரிக்காவோட மெக்சிகோ வளைகுடாப் பக்கம் ‘லைட்னிங் வெல்க்’னு ஒரு நத்தை இருக்கு. டெக்சாஸ் மாநிலத்தோட அடையாளச் சங்கே அதுதான். அதோட ஓடு பிறவியிலேயே அந்தப் பக்கமாத்தான் சுத்தும், அங்க அது சர்வ சாதாரணம். அது இங்க வலம்புரின்னு விற்பனைக்கு வருது. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். வாய்க்குள்ள நடுத்தண்டுல விரலை விட்டுப் பாருங்க. நம்ம சங்கா இருந்தா மூணு நாலு வரி மடிப்பு கையில தட்டுப்படும். அமெரிக்கக்காரனுக்கு அது இருக்காது.

இன்னொண்ணு. கடைவீதியில பளபளன்னு பார்க்குற வெள்ளைச் சங்கு, கடலுக்குள்ள வெள்ளையா இருக்காது. பழுப்புத் தோல் ஒண்ணு மேல மூடியிருக்கும். மணல்ல பாதி புதைஞ்சு கிடக்கும். புழுக்களைத் தின்னு வாழுற ஒரு நத்தை அது. ‘டர்பினெல்லா பைரம்’னு அறிவியல் பேரு. ஆள் மேல இருந்து பார்த்தா கல்லா, சங்கான்னு தெரியாது. அதைத் தெரிஞ்சு எடுக்குறதுதான் தொழில்.

எடுத்தவன் திருடனா?

ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம்ங்கிறது அகராதிக்காரங்க பிரச்சினை மட்டும்னு நினைச்சுடாதீங்க. நம்ம கடல்லயே அது கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு.

ஜமீன் காலத்துல ராமநாதபுரம் கடற்கரையோரச் சங்குப் படுகைகள் ராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தம். அவர் அதைக் குத்தகைக்கு விடுவார். சென்னை அரசாங்கமே அவர்கிட்ட குத்தகைக்கு எடுத்த காலமும் உண்டு. 20-ஆம் நூற்றாண்டு தொடங்கின சமயத்துல, குத்தகைப் படுகையில இறங்கிச் சங்கு எடுத்துட்டாங்கன்னு சிலர் மேல திருட்டு வழக்கு. அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துப்பாயல்ங்கிற பேருல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. சட்டம் படிக்கிறவங்க இன்னைக்கும் இதை எடுத்துக்காட்டுறாங்க.

கேள்வி இதுதான். கடல்ல நீந்துற மீன் யாருக்கும் சொந்தமில்ல, பிடிக்கிறவனுக்குத்தான் சொந்தம். அப்போ சங்கு என்ன? அது மீன் மாதிரியா, இல்ல வயல்ல கிடக்குற விளைச்சல் மாதிரியா? அது கிடக்குற கடல் ஊர்க்கடலா, உலகத்துக்கே பொதுவான கடலா? பாக் விரிகுடாவைத் திறந்த கடல்னு எடுத்துக்க முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. படுகை மேல ராஜாவோட உரிமையையும் ஏத்துக்கிச்சு. அப்போ அங்க இருக்குற சங்கு ‘யாருக்கும் சொந்தமில்லாத’ பொருள் இல்ல. ஒரு சொல்லை எந்தப் பெட்டியில போடுறோம்ங்கிறதை வச்சு, மூச்சை அடக்கி இறங்கின மனுஷன் தொழிலாளியா, திருடனான்னு முடிவாகுது பாருங்க.

அந்தப் பக்கம் சிலோன்ல 1890-லயே சங்குக்குன்னு தனிச் சட்டம். அந்தச் சட்டத்தோட பேரே ‘சாங்க்ஸ்’ ஆர்டினன்ஸ். சென்னை மாகாண மீன்வளத்துறையில இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல இந்தியச் சங்கைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். தலைப்புலயே ‘சாங்க்’ இருக்கு. அப்போ இது ‘அபூர்வ’ வார்த்தையா? வரி வசூலிச்சவனுக்கும் வழக்காடினவனுக்கும் இது தினசரி வார்த்தை. இங்கிலீஷ்ல இதை மறந்தது, அந்த வேலையைப் பார்த்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போனதுக்கு அப்புறம்தான். இங்க அந்தப் பொருளும் தொழிலும் அப்படியேதான் இருக்கு.

வங்காளத்துக் கைக்கு

இப்போ வங்காளத்துக்கு வருவோம். அங்க கல்யாணமான இந்துப் பெண்கள் கையில வெள்ளை வளையல் போட்டிருப்பாங்க, கூடவே சிவப்பு வளையல் ஒண்ணு. வெள்ளைக்குப் பேரு ‘சாங்கா’. நம்ம ஊர்த் தாலி மாதிரி அது. புருஷன் இறந்துட்டா கழட்டிடுவாங்க. அந்த வெள்ளை வளையல் அறுத்த சங்கு. வங்காள விரிகுடாவோட இந்த முனையில, மன்னார் வளைகுடாவுலயும் பாக் விரிகுடாவுலயும் எடுத்த சங்குதான் காலங்காலமா அங்க போய் வளையலாச்சு. டாக்காவுல சாங்காரி பஜார்னு ஒரு தெருவே இருக்கு, சங்கறுக்குறவங்க தெரு.

நம்ம பக்கமே ஒரு காலத்துல அறுத்திருக்காங்க. வைகை கடல்ல சேருற இடத்துக்குப் பக்கத்துல இருக்குற அழகன்குளத்துல, தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87-ல தோண்ட ஆரம்பிச்சுப் பல கட்டமா அகழாய்வு பண்ணியிருக்கு. ரோமானியக் காசு, கப்பல் படம் கீறின பானை ஓடு, இதுங்களோட சங்கு வளையல் துண்டுகளும் அங்க கிடைச்சிருக்கு. அப்புறம் ஒரு கட்டத்துல அறுக்குற வேலை வடக்கே போயிடுச்சு. எடுக்குற வேலை மட்டும் இங்கேயே தங்கிடுச்சு.

ஆக, வங்காளத்துல ஒரு மணப்பொண்ணுக்கு அது கல்யாணம். உயர் நீதிமன்றத்துக்கு அது சொத்து. எனக்கு அது ‘காங்க்’. எடுக்குறவருக்கு?

குளிக்கிறதுன்னா என்ன?

எடுக்குறதுக்கு எங்க பக்கம் பேரு ‘சங்கு குளிக்கிறது’. முத்து குளிக்கிறது மாதிரி. கடலுக்குள்ள முங்குறதைத்தான் இங்க ‘குளிக்கிறது’ம்பாங்க. தமிழ்ல அந்தச் சொல்லுக்கு ‘மூழ்கு’ங்கிற அர்த்தம் ரொம்பப் பழசு. பாத்ரூம் குளியல்தான் நமக்குத் தெரிஞ்சது. கடற்கரையில அந்தப் பழைய அர்த்தம் இன்னும் உயிரோட இருக்கு.

என்கூட ஸ்கூல்ல படிச்ச ஒரு கூட்டாளி இப்போ துபாய்ல ஏசி மெக்கானிக். அவனோட வாப்பா சங்கு குளிக்கிறவர். நான் அவரை மாமான்னுதான் கூப்பிடுவேன். எங்க மாவட்டத்துல இந்து, முஸ்லிம் வீட்டுப் பழக்கம் அப்படி, மாமா, மாப்ளைதான். மாமாவுக்கு வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. பதினாலு வயசுல இறங்க ஆரம்பிச்சவர்.

அவர்கிட்ட சங்கைப் பத்திக் கேட்டா வர்ற சொற்கள் எந்த அகராதியிலயும் ஒண்ணா இருக்காது. தென்கடல் சங்கு, வடகடல் சங்கு. தென்கடல்னா மன்னார் வளைகுடா, வடகடல்னா பாக் விரிகுடா. ‘ஜாதி’ச் சங்கு, ‘பட்டி’ச் சங்கு. ஆழத்தை மீட்டர்ல சொல்ல மாட்டார், ‘பாகம்’னு சொல்வார். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கிட்டத்தட்ட ஆறடி. சங்கு முட்டையிடுறது ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச ஒரு கூடு. அதுக்கு அவங்க வச்சிருக்குற பேரு சங்குப்பூ. வேலியில பூக்குறது இல்ல, கடலுக்கடியில பூக்குறது. அந்தப் பூவைப் பார்த்தா பக்கத்துல தாய்ச் சங்கு இருக்குன்னு அர்த்தமாம். சின்னச் சங்கை எடுக்கக்கூடாதுன்னு அந்தக் காலத்துல மரப்பலகையில ஒரு ஓட்டை போட்டு வச்சு, அதுல நுழையுற சங்கைத் திரும்பக் கடல்ல போடுவாங்கன்னும் அவரோட வாப்பா சொல்லியிருக்காராம். ஃபில்டர், டாலரன்ஸ், கோ-நோ-கோ கேஜ்னு நாம மெட்ராலஜி லேப்ல படிச்சோமே, அதுதான் அந்தப் பலகை.

ஏழு பாகம் இறங்குறார்னு வச்சுக்கங்க. கிட்டத்தட்ட 13 மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அப்போ அங்க மொத்த அழுத்தம் தரையில இருக்குறதை மாதிரி ரெண்டேகால் மடங்கு. பாயில் விதிப்படி, காதுக்குள்ள அடைபட்ட காத்து பாதிக்கும் கீழே சுருங்கணும். மூக்கைப் பிடிச்சு ஊதிச் சமன் பண்ணலைன்னா செவிப்பறை உள்பக்கமா இழுபடும், கடைசியில கிழியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை இல்ல, எத்தனையோ தடவை. அதுவும் சளி பிடிச்ச நாள்லயும் வயித்துக்காக இறங்கணும். ப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரோ-ஜி-ஹெச்னு ரெண்டு மார்க் கேள்வியா எழுதினது மாமாவோட காதுல முப்பத்தஞ்சு வருஷமா நடந்துட்டு இருந்திருக்கு.

போன லீவுல கூட்டாளிகிட்ட இருந்து வாய்ஸ் நோட். “மாப்ளே, வாப்பாவுக்கு வீடியோ கால்ல நான் பேசுறது கேக்கவே மாட்டேங்குதுடா. உம்மா பக்கத்துல இருந்து கத்திச் சொல்லுது. நீ ஊர்ல தானே இருக்க, காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயேன்.”

கூட்டிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். சீட்டு போடுற இடத்துல பேரு, வயசு, தொழில் கேட்டாங்க. ‘டைவர்’னு தெளிவாத்தான் சொன்னேன். உள்ள போனதும் டாக்டர் சீட்டைப் பார்த்துட்டுக் கேட்டார், “எத்தனை வருஷமா வண்டி ஓட்டுறீங்க? லாரியா, பஸ்ஸா? ஏர் ஹாரன் வச்ச வண்டியா?” சீட்டுல ‘டிரைவர்’னு இருந்தது.

“வண்டி இல்ல சார், சங்கு குளிக்கிறவர்”னேன். டாக்டருக்கு வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும், கொங்கு நாட்டுப் பக்கம் போல. “சங்குல குளிக்கிறதா?”ன்னார். அப்புறம் விளக்கிச் சொன்னதும் பேனாவை வச்சுட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு ஆழம், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, மூக்குல ரத்தம் வருமா, தலை சுத்துமா, படகுல கம்ப்ரஸர் வச்சுக் குழாய் வழியா மூச்சு எடுத்திருக்கீங்களா, எல்லாம் கேட்டார். தொழில்ங்கிற அந்த ஒரு கட்டத்துல சரியான சொல் விழுந்ததுக்கு அப்புறம்தான் அவர் தேட வேண்டியதைத் தேட ஆரம்பிச்சார். ஹாரன் சத்தத்துல கெடுற காது வேற, அழுத்தத்துல கெடுற காது வேற.

கருவியை விட்டுப் பார்த்தார். இசைக்கவையைத் தட்டி நெத்தியில வச்சார், காதுக்குப் பின்னாடி வச்சார். ஒரு காதுல செவிப்பறை கிழிஞ்சு சரியா ஆறாம இருக்கு, இன்னொண்ணு தழும்பு. மருந்து எழுதிட்டு மாமாவைப் பார்த்துச் சத்தமாச் சொன்னார்:

“காதுல தண்ணியே படக்கூடாது. குளிக்கும்போது கண்டிப்பா பஞ்சு வச்சுக்கங்க.”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மருமகனே, எந்தக் குளிப்பைச் சொல்றாரு?”

டாக்டருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, “ரெண்டையும்தான் பாய். அந்தக் குளிப்பு இனிமே வேண்டாம். ஆபரேஷன் பண்ணி மூட முடியுமான்னு பார்ப்போம். அதுக்கு முதல்ல காது காயணும்”னார்.

பஸ்ல திரும்பி வரும்போது மாமா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. ராமநாதபுரம் தாண்டினதும், “இந்த சீசன் முடியட்டும்”னார். மகன் பணம் அனுப்புறான், ஆனா தங்கச்சி கல்யாணம் பாக்கி. கூட இறங்குற ரெண்டு பேருக்கும் இவர் கண்ணுதான் வழிகாட்டி, பூவைப் பார்த்துச் சொல்ல இவரை விட்டா ஆள் இல்ல. நான் ஆபரேஷனைப் பத்தி எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டினார். காதுல விழுந்துச்சா, விழுந்த மாதிரி தலையாட்டினாரான்னு எனக்குத் தெரியல.

செவிடன் காதுல ஊதுன சங்குன்னு நாம ரொம்பச் சாதாரணமாச் சொல்றோம். அந்தச் சங்கைக் கொண்டு வந்து கொடுத்தவன் காது எப்படிச் செவிடாச்சுன்னு அந்தப் பழமொழியில இல்ல.

இதெல்லாம் எதுக்கு இப்போ?

நம்ம மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல வந்தவங்களுக்கு ‘வொக்காபுலரி’ன்னா அது இண்டர்வியூல எடுத்து விடுறதுக்கு. நாலு எழுத்து கஷ்டமான வார்த்தை தெரிஞ்சா பந்தா. ‘சாங்க்’ அந்த லிஸ்ட்டுல சேர்க்கலாம், தப்பில்ல. ஆனா ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்னு அகராதியில எண்ணுறது ஒரு கணக்கு. அந்த அர்த்தத்துல எது யாருக்குச் சோறு, எது யாருக்கு வலின்னு தெரியுறது வேற கணக்கு. ரெண்டாவது கணக்கு தெரியாத இடத்துல டைவர் டிரைவராகிடுறார்.

நம்ம கிளாஸ்ல பாதிப்பேர் இன்னும் ஆறு மாசத்துல ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில ஃபார்ம் டிசைன் பண்ணிட்டு இருப்போம். ‘தொழில்’னு ஒரு டிராப்-டவுன் வைப்போம். விவசாயி, மீனவர், ஓட்டுநர், மற்றவை. சங்கு குளிக்கிறவர் மீனவர்ல வருவார். சங்கு மீனில்ல, அவர் வலை வீசுறதுமில்ல, ஆனா லிஸ்ட்டுல வேற இடமில்ல. உப்பளத்துல காலைக் குடுத்தவங்க, பனையேறி நெஞ்சு தேஞ்சவங்க, கரிமூட்டம் போட்டுப் புகையில கண்ணைக் கெடுத்தவங்க, இவங்களும் எங்க மாவட்டத்துல இருக்காங்க. எல்லாரும் ‘மற்றவை’. அந்தப் பட்டியலை எழுதுற ஆள் நீங்களா இருக்கும்போது, ஒரு வரி கூடுதலா டைப் பண்ண அதிகம் செலவாகாது.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, உங்க தாத்தாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ, தெருமுனையில கடை வச்சிருக்குறவரோ, அவங்க தொழில்ல மட்டும் புழங்குற ஒரு சொல்லைக் கேட்டு வாங்கிட்டு வாங்க. அர்த்தம் மட்டும் இல்ல, அந்த வேலை உடம்புல எங்க வலிக்கும்னும் கேளுங்க. அடுத்த இதழுக்கு அனுப்பினா நாங்க போடுறோம்.

மாமாவுக்கு அடுத்த மாசம் திரும்பவும் டாக்டர்கிட்ட நாள் குறிச்சிருக்கு. சீட்டுல தொழில் கட்டத்தைத் தமிழ்லயே நான் எழுதிக் குடுத்துட்டேன்: சங்கு குளிப்பவர். வருவேன்னு சொல்லியிருக்கார். கடல் அன்னைக்கு எப்படி இருக்குமோ.